700 ஜிபி காலி, ஆனாலும் பேக்கப்புக்கு இடமில்லை

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதையொட்டி ஏராளமானோர் தங்கள் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றினார்கள். அப்கிரேடு நல்லபடியாக முடிகிறது. படங்கள், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. சரி, இந்த நிலையிலேயே முழுக் கணினிக்கும் ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிடலாம் என்று 2 டிபி வெளி டிஸ்க்கைச் செருகி, கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இமேஜ் உருவாக்கச் சொல்கிறோம். சில நிமிடங்களில் சிவப்புக் குறியோடு ஒரு செய்தி வருகிறது: போதுமான இடம் இல்லை. கூடவே 80780119 என்று முடியும் பிழை எண்.

குழப்பம் இங்கேதான். வெளி டிஸ்க் முழுக்கக் காலி. சி டிரைவிலும் 700 ஜிபி காலி. பிறகு எங்கே இடமில்லை?

பலர் வெளி டிஸ்க்கை மாற்றிப் பார்க்கிறார்கள், ஃபார்மட் செய்கிறார்கள், சி டிரைவில் இருக்கும் வீடியோக்களை அழிக்கிறார்கள். எதுவும் பலிப்பதில்லை. இடமில்லாமல் போனது இந்த இரண்டு இடங்களிலும் அல்ல. அது கண்ணுக்குத் தெரியாத, ஓர் எழுத்துப் பெயர்கூட இல்லாத ஒரு சின்னப் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கைப் பிரித்து ஒதுக்கிய ஒரு தனிப் பகுதியில். அங்கே ஏன் இடம் வேண்டும் என்று புரிய, பேக்கப் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு பெரிய மளிகைக் கடையில் சரக்குக் கணக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை கடையை மூட முடியாது, வியாபாரம் நடந்தபடிதான் இருக்கும். ஆனால் கணக்கோ மாலை 4 மணிக்கு இருந்த சரக்கைத்தான் காட்ட வேண்டும். என்ன செய்யலாம்? 4 மணிக்கு ஒரு கணம் எல்லாரையும் கையை நிறுத்தச் சொல்கிறோம். அதற்குப் பிறகு யார் எந்த அலமாரியில் கை வைத்தாலும், கை வைப்பதற்கு முன் அங்கே இருந்ததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். கணக்கெடுப்பவர் அந்த அலமாரிக்கு வரும்போது டப்பாவில் சீட்டு இருந்தால் சீட்டைப் பார்த்து எழுதுகிறார். சீட்டு இல்லையென்றால் அலமாரியை அப்படியே எண்ணுகிறார். மூன்று மணி நேரம் கழித்துக் கையில் இருப்பது துல்லியமான 4 மணிக் கணக்கு.

விண்டோஸ் செய்வதும் இதையேதான். வால்யூம் ஷேடோ காப்பி என்று அதற்குப் பெயர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே உண்டு. பேக்கப் தொடங்கும்போது, திறந்திருக்கும் நிரல்களைப் பார்த்து ‘கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டு நில்லுங்கள்’ என்று அது சொல்கிறது. அப்படி நிற்பதற்கு அதிகபட்சம் 60 நொடி. அதற்குள் டிஸ்க்கில் எழுதும் வேலை முழுவதையும் நிறுத்தி, அந்தக் கணத்தைக் குறித்துக்கொள்ள 10 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறகு எல்லாம் வழக்கம்போல ஓடும். ஒரு நிரல் டிஸ்க்கில் எதையாவது மாற்ற வந்தால், மாறப்போகும் 16 கேபி துண்டின் பழைய வடிவம் முதலில் ஓர் ஒதுக்கிடத்துக்கு நகலாகும், அப்புறம்தான் புதியது எழுதப்படும். நீங்கள் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பேக்கப்பும் எடுக்க முடிவது இதனால்தான். மிக நேர்த்தியான ஏற்பாடு இது.

அந்தச் சீட்டு டப்பாவுக்கு இடம் வேண்டுமே! வழக்கமாக டப்பா அந்தந்தப் பார்ட்டிஷனிலேயே வைக்கப்படும். சி டிரைவின் டப்பா சி டிரைவில், சின்னப் பார்ட்டிஷனின் டப்பா அந்தச் சின்னப் பார்ட்டிஷனில். சிஸ்டம் இமேஜ் என்பது கணினியை முழுதாக மீட்டெடுக்க வேண்டியது என்பதால், சி டிரைவோடு, மீட்புப் பார்ட்டிஷன் எனப்படும் அந்தச் சின்னப் பார்ட்டிஷனையும் அது சேர்த்தே எடுக்கும். அங்கே ஒரு கோப்புகூட மாறப்போவதில்லை என்றாலும் டப்பாவை முன்கூட்டியே வைத்தாக வேண்டும். பார்ட்டிஷன் 500 எம்பிக்குள் இருந்தால் குறைந்தது 50 எம்பி காலியிடம் வேண்டும். 500 எம்பியைத் தாண்டினால் 320 எம்பி.

இந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 490 எம்பி பார்ட்டிஷனில் 60 எம்பி காலியாக இருந்தால் பேக்கப் எடுக்கும். 530 எம்பி பார்ட்டிஷனில் 100 எம்பி காலியாக இருந்தால் எடுக்காது. பெரிய அறை, காலியிடமும் அதிகம், ஆனாலும் தோல்வி. எல்லையைச் சற்றே தாண்டிய பார்ட்டிஷன்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறது.

இதில் அப்கிரேடின் பங்கு என்ன? மீட்புப் பார்ட்டிஷனுக்குள் இருப்பது ஒரு சிறிய விண்டோஸ். கணினி எழும்பாமல் போனால் நீலத் திரையில் ‘பழுதுபார்க்கவா?’ என்று கேட்பது அதுதான். பல நூறு எம்பி கொண்ட ஒரே கோப்பாக அது இருக்கும். பெரிய அப்கிரேடு வரும்போது இந்தச் சிறிய விண்டோஸும் மாறுகிறது, பெரும்பாலும் பருக்கிறது. அறை மட்டும் பழைய அளவில் இருக்கிறது. கணினியின் தொடக்கக் கோப்புகளுக்கான இன்னொரு சின்னப் பார்ட்டிஷனுக்கும் இதே கதைதான்: விண்டோஸ் 7 நிறுவும்போது அதற்கு 100 எம்பி ஒதுக்கினார்கள், 8-இல் 350 எம்பி, 10-இல் 500 எம்பி. 7-இலிருந்து படிப்படியாக ஏறி வந்த கணினியில் அந்த 100 எம்பி அறை அப்படியே இருக்கும். புதிய மீட்புக் கோப்பு பழைய அறையில் அடங்காது என்று தெரிந்தால் அப்கிரேடு நிரல் சி டிரைவின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, இன்னொரு மீட்புப் பார்ட்டிஷனை உருவாக்கிவிடும். சில கணினிகளில் இரண்டு மூன்று மீட்புப் பார்ட்டிஷன்கள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இது.

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட்டும் இதே சின்ன அறையில் மோதித்தான் பல கணினிகளில் நின்றது. மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருந்தால்தான் அது நிறுவப்படும். அன்று அதற்காக அறையைப் பெரிதாக்கியவர்களில் சிலருக்கு, 320 எம்பி காலியாகக் கிடைத்திருந்தால், இந்த பேக்கப் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்திருக்கும்.

இப்போது உங்கள் கணினியில் பார்ப்போம். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். நீளமான சி டிரைவுக்குப் பக்கத்தில் ‘ரெகவரி பார்ட்டிஷன்’ என்று குட்டிக் கட்டம் தெரியும். அதன் காலியிடம் 100 சதவீதம் என்று அங்கே போட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். எழுத்துப் பெயர் இல்லாத பார்ட்டிஷனுக்குள் அந்தக் கருவி எட்டிப் பார்ப்பதில்லை, அதனால் எல்லாமே காலி என்று காட்டுகிறது. உண்மை அளவு தெரிய, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவி மூலம் அந்தப் பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக ஓர் எழுத்துக் கொடுத்துப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் எழுத்தை எடுத்துவிடுங்கள்.

கட்டங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால், எது நிஜமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ரீஏஜென்ட்சி’ கட்டளையை ‘இன்ஃபோ’ என்ற தேர்வோடு (reagentc /info) கொடுத்தால், எந்த டிஸ்க்கில் எத்தனையாவது பார்ட்டிஷன் என்று ஒரு வரியில் சொல்லிவிடும். இதைப் பார்க்காமல் எந்தப் பார்ட்டிஷனையும் அழிக்காதீர்கள். பழையது என்று நினைத்து உயிரோடு இருப்பதை அழித்தவர்கள் உண்டு.

அவசரமாக ஒரு பேக்கப் மட்டும் வேண்டும் என்றால் எளிய வழி ஒன்று உண்டு. அதே கட்டளையை ‘டிஸேபிள்’ என்ற தேர்வோடு கொடுத்தால், மீட்புக் கோப்பு அந்தச் சின்ன அறையை விட்டு சி டிரைவுக்குள் வந்துவிடும். அறை காலியாகும். பேக்கப் எடுத்துவிட்டு ‘எனேபிள்’ கொடுத்து மறுபடி உள்ளே அனுப்பிவிடலாம். இந்தக் கடைசிப் படியை மறக்கக் கூடாது. மறந்தால், கணினி எழும்பாத ஒரு நாளில் பழுதுபார்க்கும் திரை வராது.

நிரந்தரத் தீர்வு, அறையைப் பெரிதாக்குவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மீட்புப் பார்ட்டிஷன் பொதுவாக சி டிரைவுக்கு வலப்பக்கம் இருக்கும். சி டிரைவைச் சுருக்கினால் கிடைக்கும் காலியிடம் அதற்கு இடப்பக்கத்தில் விழும். விண்டோஸின் சொந்தக் கருவி ஒரு பார்ட்டிஷனை வலப்பக்கம் மட்டுமே நீட்டும். அதனால் மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி இப்படிப் போகிறது: முதலில் டிஸேபிள், பிறகு சி டிரைவைச் சுருக்கி, பழைய மீட்புப் பார்ட்டிஷனை அழித்து, இரண்டு காலியிடத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்கி, அப்புறம் எனேபிள். அப்டேட்டுக்காக அவர்கள் சொன்னது 250 எம்பி சுருக்குவது. பேக்கப்புக்காக என்றால் ஒரு ஜிபியாவது கொடுங்கள், அடுத்த அப்கிரேடுக்கும் தாங்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் வேறெங்காவது எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்குச் சாதாரணமாக இழுத்துப் போட்டு வைக்காமல் பார்ட்டிஷனில் கை வைக்கவே வேண்டாம்.

பிழை எண் வேறாக இருந்தால் காரணமும் வேறாக இருக்கும். ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’ என்ற கட்டளை, நிற்கச் சொன்னபோது எந்த நிரல் ஒழுங்காக நிற்கவில்லை என்று காட்டும். ‘ஸ்டேபிள்’ என்று இருந்தால் நல்லது. ‘ஃபெயில்டு’ என்று இருப்பதன் பெயரைக் குறித்துக்கொண்டு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பாதி நேரம் அதுவே போதும். வெளி நிறுவன பேக்கப் மென்பொருள் வைத்திருந்தால், அது டிஸ்க்கின் அடித்தளத்தில் தன் டிரைவரைப் பொருத்தியிருக்கும். பழைய விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் புதியதில் தடுமாறும். புதிய பதிப்பை நிறுவ வேண்டியதுதான். அப்கிரேடு ஆன சில நாட்களில் பேக்கப்பின் அளவு திடீரென வீங்குவதும் இயல்பு. பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் 10 நாட்கள் கிடக்கும். புதிய சிஸ்டம் கோப்புகள் எல்லாமே மாறியவை என்பதால், மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்கூட அந்த ஒருமுறை கிட்டத்தட்ட முழுதாகத்தான் எடுக்கும். இங்கே வெளி டிஸ்க் உண்மையாகவே நிறைந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த சிஸ்டம் இமேஜ் கருவி கண்ட்ரோல் பேனலில் இன்றும் விண்டோஸ் 7-இன் பெயரைச் சுமந்தபடிதான் இருக்கிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலேயே, இனி மேம்படுத்தப்போவதில்லை என்ற பட்டியலில் மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்த்துவிட்டது. இப்போதைக்கு வேலை செய்கிறது. நீண்ட காலத்துக்கு வேறொரு பேக்கப் மென்பொருளையும் பார்த்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

பேக்கப் முடிந்ததும் வெளி டிஸ்க்கைத் திறந்து ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்ற ஃபோல்டர் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விண்டோஸில் செய்த மீட்புப் பென்டிரைவ் இருந்தால் அதை விட்டுவிட்டு, அப்கிரேடு ஆன கணினியிலிருந்து புதிதாக ஒன்று செய்யுங்கள். பிறகு அந்தப் பென்டிரைவிலிருந்தே கணினியை ஒருமுறை எழுப்பி, சிஸ்டம் இமேஜ் மீட்பு என்ற பகுதி வரை போங்கள். வெளி டிஸ்க்கில் இருக்கும் இமேஜின் தேதியும் நேரமும் அங்கே பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, ‘கேன்சல்’ கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.