அசின்க்ரனஸ்: ஒத்தியங்கா முறை

அசின்க்ரனஸ் என்னும் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. 'சின்' என்பது உடன், 'க்ரோனோஸ்' என்பது காலம். முன்னால் நிற்கும் 'அ' எதிர்மறை முன்னொட்டு. (அநீதி, அசுத்தம் ஆகிய வடசொற்களில் வரும் 'அ'வும் இதற்கு உறவுதான்.) ஆக, நேர்ப்பொருள் 'ஒரே காலத்தில் நிகழாதது' என்றாகிறது.

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் பயில்வோரை இந்த நேர்ப்பொருளே குழப்புகிறது. அசின்க்ரனஸ் முறையில் தரவை ஏற்றும்போது, தரவை வழங்கும் கணினியான சர்வரிலிருந்து தரவு வந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் பக்கம் உருள்கிறது, பொத்தான்கள் வேலை செய்கின்றன. சின்க்ரனஸ் முறையிலோ விடை வரும்வரை எல்லாம் உறைந்து நிற்கும். 'ஒரே காலத்தில்' நிகழ்வது எது என்ற ஐயம் இங்கே நியாயமானதே. மின்சுற்றுகளில் ஒரே கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டு உறுப்புகள் இயங்குவதைச் சின்க்ரனஸ் என்பார்கள் என்பதை நினைவிற்கொண்டால் ஐயம் தீரும்: கேட்பவர் விடையோடு பிணைக்கப்பட்டிருக்கிறாரா, இல்லையா என்பதே கேள்வி.

இதனால்தான் தமிழில் 'ஒத்தியங்கா' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'ஒத்திசைவற்ற' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் இசைவு இல்லை என்றதும் ஏதோ கோளாறு என்ற எண்ணம் எழுகிறது. இங்கே கோளாறு எதுவும் இல்லை.

1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்னும் உலாவி வழியாக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வசதியே, பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தரவை மட்டும் பெற வழி செய்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இம்முறைக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயரிட்டார். அதன் முதலெழுத்து இந்த அசின்க்ரனஸ்தான்.

இன்று இவ்வேலைக்கு ஜாவாஸ்கிரிப்டின் 'ஃபெட்ச்' என்னும் செயற்கூறு (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி) பயன்படுகிறது. அது திருப்பித் தருவதை அப்படியே பக்கத்தில் எழுதினால், எதிர்பார்த்த தரவுக்குப் பதில் '[ஆப்ஜெக்ட் பிராமிஸ்]' என்றே திரையில் தெரியும். கைக்கு வந்திருப்பது தரவு அன்று, பின்னர் தருவதாகக் கூறும் வாக்குறுதி, அதாவது 'பிராமிஸ்'. 2015ஆம் ஆண்டுத் தரநிலையில் பிராமிஸ் மொழியின் பகுதியானது. 2017இல் 'அசின்க்', 'அவெய்ட்' என்னும் குறிச்சொற்கள் சேர்ந்தன. 'அவெய்ட்' என்பதைக் 'காத்திரு' எனலாம். ஆனால் காத்திருப்பது 'அவெய்ட்' இடம்பெற்ற செயற்கூறு மட்டுமே, பக்கம் அன்று.

பிராமிஸின் மூன்று நிலைகளை நிலுவை, நிறைவேற்றம், மறுப்பு எனலாம். இவற்றுள் நிறைவேற்றத்தைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்ட முகவரியில் எதுவும் இல்லை என்று சர்வர் 404 குறியீட்டைத் திருப்பி அனுப்பினாலும், ஃபெட்ச் தந்த வாக்குறுதி நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பதிலைக் கொண்டுவருவதாகத்தான் அது வாக்களித்தது, நல்ல பதிலை அன்று. எனவே வந்த பதிலின் 'ஓகே' பண்பைச் சோதித்த பிறகே தரவைத் தொட வேண்டும்.