மண்ணில் வேலையா? டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்

ரத்தப் பரிசோதனை பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்பாகச் சின்னக் குச்சிகள். இரு முனையும் அழுத்தமாக, நடுவில் வெளிறி, சேலைக்குக் குத்தும் ஊக்கு போல. உடனே வார்டுக்குப் போன் செய்து கேட்டேன்: "இந்த நோயாளிக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா? மண்ணில் வேலை செய்வாரா?"

இரண்டுக்கும் ஆமாம் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் கீரை போட்டிருப்பவர். குதிகால் வெடிப்போடு வெறுங்காலில் மழை ஈரத்தில் நின்றிருக்கிறார். இரண்டு வாரமாகக் காய்ச்சல். மாத்திரை போட்டால் குறையும், அப்புறம் திரும்ப வரும்.

1884-இல் டென்மார்க் மருத்துவர் கிராம் கண்டுபிடித்த சாயமுறை இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதல் வேலை. ஊதாச் சாயம் ஆல்கஹாலில் கழுவிப் போனால் 'கிராம் நெகட்டிவ்'. டைபாய்டு, காலரா, பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுகள் இந்தக் கூட்டத்துக் கிருமிகளால் வருபவைதான். இவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. அது பல மருந்துகளை உள்ளே விடாது. கிருமி சாகும்போது அதிலிருந்து வெளிப்படும் நச்சு காய்ச்சலை ஏற்றும், ரத்த அழுத்தத்தைச் சடாரென இறக்கவும் கூடும்.

அந்தக் கீரைத் தோட்டத்து ஐயாவின் உடம்பில் இருந்ததும் இந்தக் கூட்டத்துக் கிருமிதான்: மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸ் என்ற நோயின் கிருமி. அந்த நோயை முதலில் விவரித்தவர் பர்மாவின் ரங்கூனில் இருந்த மருத்துவர் விட்மோர். நோய்க்கு அந்தப் பெயரைச் சூட்டிய ஸ்டான்டனும் பிளெட்சரும் நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர்கள். நூறு வருடமாக நம் ஊருக்குத் தெரிந்த நோய், நம் வீடுகளில் பேர்கூடத் தெரியாது. அதுதான் எனக்கு வருத்தம்.

நுரையீரலில் வந்தால் காசநோய் போலத் தெரியும். கல்லீரலில், மண்ணீரலில் சீழ்க்கட்டி வைக்கும். வழக்கமாகக் கொடுக்கும் பல ஆண்டிபயாடிக்குகள் இதற்கு வேலை செய்யாது. குறைந்தது 10 நாளாவது ஊசி மருந்து, பிறகு சுமார் 3 மாதம் மாத்திரை. நன்றாகிவிட்டதென்று பாதியில் நிறுத்துபவர்களுக்குத் திரும்ப வருகிறது.

இனிப்பு நீர் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தோட்டத்தில் இறங்கும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் மருந்துக்கடையோடு நிறுத்தாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது, மண்ணில் வேலை செய்கிறேன், ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டுமா?"