அந்த எண்ணத்தைச் சொல்ல வந்தபோது யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை

மனநலப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் நான் பார்க்கச் சொல்லும் படங்களில் ஒன்று 'டார்கெட்ஸ்' (1968). பீட்டர் பொக்டனோவிச் தன் பெயரில் இயக்கிய முதல் படம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' பூதமாக மிரட்டிய போரிஸ் கார்லாஃப், தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்கு இரண்டு நாள் கால்ஷீட் பாக்கி வைத்திருந்தார். அதை வைத்து, தன் பழைய படத் துண்டுகளையும் ஒட்டி ஏதாவது எடுத்துக்கொடு என்று பொக்டனோவிச்சிடம் சொன்னார் கார்மன். இப்படிச் சிக்கனமாகத் தொடங்கிய படத்தில், எண்பதை நெருங்கிய கார்லாஃப் ஓய்வுபெற நினைக்கும் திகில் நடிகராக வருகிறார். செய்தித்தாளில் வருகிற நிஜக் கொலைகளுக்கு முன்னால் தன் பூதமெல்லாம் எம்மாத்திரம் என்பது அவர் வருத்தம்.

எனக்கு முக்கியம் படத்தின் மற்ற பாதி, முன்பின் தெரியாதவர்களைச் சுட்டுத்தள்ளப் போகும் பாபியின் கதை. அவன் அப்பாவை 'சார்' என்று கூப்பிடும், பளிச்சென்ற வீட்டுப் பிள்ளை. காரின் டிக்கி நிறையத் துப்பாக்கி. ஒரு ராத்திரி மனைவியிடம், தனக்கு என்ன ஆகிறதென்றே தெரியவில்லை, ஏதேதோ எண்ணம் வருகிறது என்று ஆரம்பிக்கிறான். அவளுக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரம். பேச்சு அங்கேயே அறுந்துபோகிறது. அடி, உதை, சத்தம் எதுவும் கிடையாது. படத்தில் என்னை மிகவும் பயமுறுத்தும் இடம் இதுதான்.

கதைக்குத் தூண்டுதல் நிஜச் சம்பவம். 1966 ஆகஸ்ட் 1, டெக்சாஸ் மாநில ஆஸ்டின் நகரம். தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு, சார்லஸ் விட்மன் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிச் சுட்டான். அதே ஆண்டு மார்ச்சில் பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம், மான் வேட்டைத் துப்பாக்கியோடு கோபுரத்தில் ஏறிச் சுடத் தோன்றுகிறது என்று அவனே சொல்லியிருந்தான். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வரவில்லை. பிரேதப் பரிசோதனையில் மூளையில் கட்டி இருந்தது தெரிந்தது. அதுதான் காரணம் என்று விசாரணைக் குழுவால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சம்பவத்தன்று காலையில்கூட அவன் கடையில் துப்பாக்கி வாங்கியிருந்தான், தடையே இல்லாமல்.

மனநோய் என்றாலே கொலைவெறி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநோயாளிகளில் பெரும்பாலோர் வன்முறை பக்கமே போவதில்லை, அடிபடுகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளிலேயே பாதிக்கு மேல் தற்கொலைகள். அதனால் என் அறையில், "செத்துடலாம்னு தோணுது" என்று ஒருவர் சொன்னால் நான் கேட்கும் அடுத்த கேள்வி, "எப்படின்னு யோசிச்சீங்களா? அது இப்போ வீட்டுல இருக்கா?" கேட்டால் எண்ணம் முற்றிவிடும் என்று உறவினர்கள் பதறுவார்கள். முற்றாது, பலர் அப்போதுதான் பெருமூச்சு விடுகிறார்கள். நம் பக்கம் அந்தப் பொருள் பெரும்பாலும் பூச்சிமருந்து. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததும் தற்கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. மனம் மாற நாளாகும். டப்பாவை இன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

வீட்டில் யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஆபீஸுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போகலாம். தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ், 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.