வாசல் ஒரு அடி இருந்தால் போதும்

“எனக்கு வரையவே வராதுங்க” என்று ஓவிய வகுப்பில் சொல்பவர்களில் பலர், காலையில் கோலம் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதை யாரும் கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வடசென்னையின் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் படி இறங்கினால் தெரு. பைக் நிறுத்தியதுபோக மிஞ்சுவது ஒரு அடி அகலம்தான். அங்கே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது சுலபம். ஆனால் சொந்தமாக யோசித்து வரைய அந்த ஒரு அடியே தாராளம்.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 புள்ளி, 3 வரிசை, நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று). இடைவெளிக்கு 4 விரலைச் சேர்த்து வையுங்கள். சுமார் 7 செ.மீ. வரும், முழுக் கோலமும் ஒரு அடிக்குள் அடங்கும். கோடு புள்ளியைத் தொடக் கூடாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்குச் சரியாக நடுவே சாய்வாகக் கடக்க வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இப்படியே போனால் 17 இடங்களில் தன்னையே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஒரே கோடு.

இதே விதிப்படி 3 புள்ளி, 3 வரிசை போட்டால் ஒரே கோட்டில் முடியாது, 3 தனிக் கோடுகள் வரும். கையில் குறையில்லை. புள்ளி, வரிசை இரண்டின் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்) எவ்வளவோ, அத்தனை கோடுகள். 4க்கு 6 என்றால் 2. 5க்கு 7 என்றால் 1. (தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974இலேயே கோலத்தின் இலக்கணத்தை ஆய்வுக் கட்டுரையாக்கினார்கள். நம் வாசலில் கிடக்கும் அறிவு இது.)

சொந்தக் கற்பனைக்கு இடம் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. அந்த 3க்கு 3 கோலத்தில் 12 வெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் இரு வேறு கோடுகள் சந்திக்கும் இடம். ஏதாவது ஒன்றில் கோடுகளைக் குறுக்கே விடாமல், நடுவே சுவர் இருப்பதுபோல் வளைத்துத் திருப்புங்கள். இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். மீதமிருக்கும் தனிக் கோட்டையும் அதேபோல் இன்னொரு வெட்டில் சேர்த்தால் மொத்தமும் ஒரே கோடு. எந்த இரண்டு வெட்டுகள் என்பது உங்கள் முடிவு, அதற்கேற்ப உருவமே மாறும். நாளுக்கு ஒரு மாற்றம் போதும். போனைப் பார்த்துப் பெரிய கோலத்தை நகலெடுத்தால் கை பழகும். இந்த முடிவெடுக்கும் பழக்கம் வராது.

பெரும்பாலும் கோலம் கெடுவது புள்ளியில்தான். இரண்டாம் வரிசை அரை விரல் நகர்ந்தால் மூன்றாவதில் ‘நடு’ எது என்று தெரியாமல் கோடு தடுமாறும். கோடு போடுமுன் மூலைக்கு மூலை சாய்வாகப் பார்த்தால் பிசகு உடனே தெரியும்.

அடுத்தது தரை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் லாரிப் புழுதி படிந்திருக்கும். பெருக்காமல் தண்ணீர் தெளித்தால் சேறாகி மாவு பிடிக்காது. அரை மக் தண்ணீர் போதும். தேங்கி நின்றால் மாவு ஊறிக் கோடு தடிக்கும். முழுக்கக் காய்ந்தால் காசிமேட்டுக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். ஈரம் தெரிய வேண்டும், பளபளப்பு இருக்கக் கூடாது. விரலைத் தரையிலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் தூக்கினால் மாவு சிதறும்.

காற்று அதிகமுள்ள வாசலுக்கு மாக்கோலம் நல்லது. கால் டம்ளர் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, துணித்துண்டை நனைத்துப் பிடித்தால் மோதிர விரல் வழியே தானாக இறங்கும் பதத்துக்குக் கரையுங்கள். நீர்த்தால் காய்ந்ததும் மங்கும். கெட்டியானால் வெடித்து உதிரும்.

பெரம்பூர் அடுக்ககங்களின் டைல்ஸ் தரையில் கல் மாவு வழுக்கும், பெரியவர்கள் நடக்கும் வழியில் வேண்டாம். பிள்ளைகளின் சிலேட்டும் சாக்பீஸும் அங்கே போதும். வெட்டைச் சுவராக மாற்றிப் பார்க்க, விரலால் அழித்துத் திருத்தும் வசதி சிலேட்டில்தான் அதிகம். பையன்களிடமும் கொடுங்கள்.