ஓலை வாசிப்பதற்கு முன்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் முடிந்திருக்கும், ஆம்பிளைகளும் வீட்டில் இருப்பார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் கல்யாணப் பேச்சு சூடு பிடிக்கிற நேரம் அதுதான். ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பங்கள் வருவதும் அப்போதுதான். "பையன் கல்யாணமே வேண்டாங்கிறான், என்னன்னு கேளுங்க மேடம்" என்று ஆரம்பிப்பார்கள்.

அப்படி வந்த ஒரு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடலில் பாசி எடுக்கப் போகிறவர். கூடவே அவருடைய அண்ணன். மகனுக்குச் சென்னையில் வேலை. லீவுக்கு வந்தவர், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று ஒரு ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டார். தாய்மாமன் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதை மாத்திவிட எத்தனை தடவை வரணும்?"

இது மாற்ற வேண்டிய நோய் இல்லை என்றேன். உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. அப்படிச் செய்யும் டாக்டரின் செயல் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் சொல்லிவிட்டது. மாமனுக்குப் பிடிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அவர் போன பிறகுதான் அந்த அக்கா உண்மையில் எதற்கு வந்தார் என்பது தெரிந்தது.

"அவன் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். ஒருத்தரோட நல்லபடியா வாழ்ந்தாச் சரின்னுதான் தோணுது. ஆனா கோயில்ல அப்படிச் சொல்லலையே. இப்படி நெனச்சுக்கிட்டு நான் நன்மை வாங்கலாமா?"

நன்மை என்றால் பூசையில் வாங்கும் நற்கருணை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லூரி முடித்த பிள்ளைகள் கோபத்தோடு கேட்டிருக்கிறார்கள். சட்டப்படி சேர்ந்து வாழட்டும், கோயிலில் மட்டும் வேண்டாம் என்று நடுவில் நிற்கிற பெரியவர்களும் உண்டு. பங்கிலுள்ள குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருத்தர்தான் இப்படி நினைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்மை வாங்கலாமா என்பதற்குப் பதில் சொல்ல நான் ஆளில்லை. அது அவருக்கும் அவர் பங்குச் சாமியாருக்கும் இடையிலானது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பலர் ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். மீதிப் பாதியை எடுத்துச் சொல்வது என் வேலைக்குள் வருகிறது.

போதனையை நான் மழுப்புவதில்லை. திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான அருட்சாதனம். தன்பாலின உறவுச் செயல்களை ஏற்க முடியாது. 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2357-ஆம் எண் இதைக் கறாராகவே சொல்கிறது. 2023 டிசம்பர் 18-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், வழிபாட்டுச் சடங்குக்கு வெளியே குருக்கள் இப்படிப்பட்ட இணையரை ஆசீர்வதிக்கலாம் என்றது. திருமணம் பற்றிய போதனையில் அது கை வைக்கவில்லை. 'போப்பாண்டவர் கல்யாணத்துக்கு அனுமதி கொடுத்துட்டார்' என்று வாட்ஸ்அப்பில் வந்தது வெறும் புரளி.

ஆனால் அடுத்த எண் ஒன்று இருக்கிறது, 2358. இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்குவதன் சாயல்கூட இருக்கக் கூடாது என்று சொல்கிறது. 2357-இன் சாரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2358-ஐ நான் சொல்லித்தான் பலர் முதன்முதலாகக் கேட்கிறார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை மீண்டும் நிலைநிறுத்தியபோது, அன்றைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியஸ் இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். போப் பிரான்சிஸ் 2023 ஜனவரியில், ஓரினச் சேர்க்கையாளராக இருப்பது குற்றமல்ல என்றார். பாவம் என்கிற போதனையை அவர் அங்கே விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே மறைக்கல்வி நூலின் 1790-ஆம் எண், மனிதர் தம் மனச்சான்றின் உறுதியான தீர்ப்புக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அந்த மனச்சான்று தவறிப்போகவும் கூடும் என்று அங்கேயே எச்சரிக்கிறது. ஆகவே 'எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்' என்று அதை வைத்துத் தப்பித்துக்கொள்ள முடியாது. யோசிக்கணும், செபிக்கணும், கேட்கணும். அந்த அக்கா செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

இன்னொன்றையும் கேட்டேன். "அக்கா, ரெண்டாவது பிள்ளைக்கப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்கதானே?" சிரித்துவிட்டார். கருத்தடை அறுவை சிகிச்சையைப் போப் ஆறாம் பவுல் 1968-லேயே கூடாது என்று எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் அதைச் செய்துகொண்டவர்கள், நம் கடற்கரைக் கத்தோலிக்கப் பெண்களும் அதில் அடக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, உடம்பு தேறியதும் முக்காடு போட்டுப் பூசைக்குப் போனவர்கள்தான். சபையோடு மனதுக்குள் கருத்து வேறுபட்டுக்கொண்டே சபைக்குள் இருப்பது நமக்குப் பழக்கமில்லாத வித்தையல்ல. பேசாமல் செய்துவந்தோம், அவ்வளவே. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்தில் 2015-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி 62 சதவீத ஆதரவோடு தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கினார்கள். அங்கே வாக்குச்சீட்டில் சொன்னதை இங்கே என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2018 செப்டம்பரில் 377-இன் பிடி தளர்ந்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அதனால் கோயிலில் மட்டுமல்ல, ரிஜிஸ்டர் ஆபீஸிலும் இன்று அந்தப் பையனுக்குக் கல்யாணம் கிடையாது. திருமணமாகாவிட்டாலும் இப்படிப்பட்ட இணையர் குடும்பமாக வாழலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதோடு நிற்கிறது.

அப்படியானால் அந்தக் குடும்பம் உடனே முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்ன? பையனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டி வைப்பதா வேண்டாமா என்பதுதான். மாமன் திரும்பி வந்து அதைத்தான் கேட்டார். "ஒரு கால்கட்டுப் போட்டாச் சரியாயிரும்ல?" அங்கேதான் நான் குரலை உயர்த்துவேன்.

ஏனென்றால் கட்டி வைத்த பிறகு வருகிற பெண்களையும் நான்தான் பார்க்கிறேன். மூன்று வருஷம் கழித்து ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். "எனக்கு ஒரு குறையும் இல்லைங்கிறாங்க, ஆனா அவர் கிட்டயே வர்றதில்ல" என்பார்கள். தன் நிறம், தன் உடம்பு, தன் சமையல் என்று ஒவ்வொன்றாகக் குறை தேடிச் சலித்துப்போன பெண்கள். அவர்களும் இதே கோயில்களில் புதுநன்மை வாங்கியவர்கள்தான்.

சபையின் பெயரைச் சொல்லித்தான் இந்தக் கல்யாணங்களைச் செய்கிறார்கள். சபையின் சட்டமோ நேரெதிராக இருக்கிறது. திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சுதந்திரமான சம்மதம். அச்சுறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1103-ஆம் விதி. மணவாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு விஷயத்தை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கினாலும் செல்லாது, அது 1098. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பதே, அதாவது கல்யாண அறிவிப்பை வாசிப்பதே, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்பதற்காகத்தான். தெரிந்த தாய்மாமனே முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டால்? பிறகு திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு நிரூபித்துத்தான் அந்தப் பெண் வெளியே வர வேண்டும். அதற்குள் ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கும்.

இதை மாமனிடம் விதி எண்களோடு சொன்னேன். நீதிமன்றத் தீர்ப்புக்கு அசையாதவர் இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "சாமியார் கேட்டா நாங்க பொய் சொன்ன மாதிரி ஆயிருமோ?" என்றார். ஆகத்தான் செய்யும் என்றேன்.

வீட்டில் இதே நிலைமை இருப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளை ராத்திரி தூங்காமல், சாப்பிடாமல், செத்துப்போகிறேன் என்று பேசினால், தரகருக்குப் போன் போடுவதற்கு முன் 14416-க்குப் போடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அந்த அக்கா அடுத்த ஜனவரியில் ஒருமுறை வந்தார். கல்யாணப் பேச்சை நிறுத்தியாச்சாம். அண்ணன் இன்னும் சரியாகப் பேசுவதில்லையாம். பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் படகில் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ரெண்டு பேருக்கு, அவருக்கும் மகனுக்கும்.