41 கையெழுத்து, ஒரே சாட்சி

இந்த ஆண்டு என் மேசைக்கு வந்த மூன்றாவது மனு இது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் பொழுது சாய்ந்த வேளையில் நின்றிருந்தவர்கள், வானத்தில் விளக்குகள் வரிசையாகப் பறந்து போனதைக் கண்டதாகவும், அது வேற்றுக்கிரக ஊர்திதான் என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எழுதி, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுப்பதற்காக 41 பேரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வாசகத்தைச் சரிபார்த்துத் தரும்படி கொண்டுவந்தவர், வழக்கறிஞரான என்னிடம் முன்பு வழக்குக் கொடுத்த பழைய கட்சிக்காரர். "41 பேரும் பொய் சொல்லுவோமா சார்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குச் சலித்துவிட்டது. பொய் சொல்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சேலம் நீதிமன்றத்தில் இத்தனை ஆண்டுகளாகச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து வருகிறேன். பொய்ச் சாட்சியைவிட, உண்மை பேசுவதாக மனதார நம்பித் தவறாகச் சொல்லும் சாட்சிதான் அதிகம். ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவும் கேட்கவில்லை, 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 139-ஆம் பிரிவும் கேட்கவில்லை. நம் மாநிலத்திலிருந்து போன வடிவேலு தேவர் வழக்கில் 1957-இலேயே உச்ச நீதிமன்றம், சாட்சிகளின் எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நம்பத்தக்க ஒருவர் போதும். நம்பத்தகாத நூறு பேர் இருந்தும் பயனில்லை.

அந்த மனுவில் இன்னொரு கோளாறும் இருந்தது. எல்லோரும் பார்த்தது ஒரே வாக்கியத்தில், ஒரே சொற்களில் இருந்தது. காவல் நிலையத்தில் எழுதப்படும் சாட்சி வாக்குமூலங்களில் பத்துப் பேர் ஒரே மாதிரி பேசியிருந்தால் நாங்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். இதுவும் அப்படித்தான் இருந்தது. கூடி நின்று பார்த்து, கூடவே பேசி, அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்ட விவரத்தை மற்றவர்களும் ஏற்றுக்கொண்ட பிறகு, 41 பேரும் ஒரே சாட்சி ஆகிவிடுகிறார்கள்.

கட்சிக்காரருடன் வந்த நண்பரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, இவரிடம் மட்டும் கேட்டேன். விளக்குகள் கஞ்சமலைப் பக்கமிருந்து மேட்டூர்ப் பக்கம் போயின, பஸ் அளவு இருந்தன, சத்தமே இல்லை என்றார். பிறகு இவரை வெளியே நிறுத்தி நண்பரைக் கேட்டேன். மேட்டூரிலிருந்து கஞ்சமலைக்கு வந்தன, ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு என்றார். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டபோது இருவரும் விழித்தார்கள். தூரம் தெரியாமல் அளவு எப்படித் தெரியும்? இருட்டிய வானத்தில் ஒரு புள்ளி ஒளி, ஊர்க் கோடியில் பறக்கும் டிரோனாகவும் இருக்கலாம், பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோளாகவும் இருக்கலாம். இரண்டையும் கண் ஒரே மாதிரிதான் காட்டும். இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட சில நாள்களுக்கு, மாலையிலோ விடியலிலோ, இவர்கள் சொன்ன அதே கோலத்தில்தான் வரிசையாகப் போகும்.

கண் கண்டதை மனம் எப்படித் தைத்துக் கொடுக்கும் என்பதற்கு 1968 மார்ச் 3 அன்று அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வேன். சோவியத் யூனியனின் சோண்ட்-4 விண்கலத்தை ஏவிய ராக்கெட்டின் துண்டுகள் எரிந்துகொண்டே வான்வெளியில் பாய்ந்தபோது பல மாநிலங்களில் மக்கள் பார்த்தார்கள். பெரும்பாலோர் எரியும் துண்டுகள் என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் சிலர் சுருட்டு வடிவ ஊர்தியைப் பார்த்தார்கள்; அதில் வெளிச்சமான ஜன்னல்கள் இருந்தன; ஆணியடித்த தகடுகள்கூடத் தெரிந்தன! தனித்தனி ஒளிகளுக்கு இடையே இருந்த இருட்டை அவர்கள் மனமே உடலாக்கி நிரப்பிவிட்டது.

ஆகவே அடுத்த முறை பார்த்தால், தயவுசெய்து யாரிடமும் பேசுவதற்கு முன் நேரத்தையும் திசையையும் எழுதிவிடுங்கள். பஸ் அளவு, வீடு அளவு என்று எழுதாதீர்கள். கையை நீட்டி முஷ்டியை வானத்துக்கு எதிரே பிடித்து, அதில் எத்தனை பங்கு இருந்தது என்று எழுதுங்கள். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது. விபத்து இழப்பீட்டு வழக்குகள் என்னிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. ஏதாவது விழுந்து கிடந்தால் தொடாதீர்கள். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் வானிலிருந்து பெரிய உலோக வளையமே ஒரு கிராமத்தில் விழுந்தது. ராக்கெட் பாகங்களில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேல், மலைக்கிராமத்துக்குப் புதிதாக வந்தவர்மீது சந்தேகத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் நம் மாநிலத்திலேயே உயிர் போயிருக்கிறது. பீதி கிளப்பும் பொய்ச் செய்தியைப் பரப்பினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவு இருக்கிறது என்பதையும் குழு அட்மின்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மனுவை நான் திருத்தவில்லை. 41 வெள்ளைத்தாள்களைக் கொடுத்து, ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமல் தன் கையால் எழுதி வரட்டும் என்று அனுப்பினேன். இதுவரை ஆறு வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு ஒரே ஆளின் கையெழுத்து.