ஏ9 வீதிச் சமையலறைக்கு எரிவாயு வரும் வழி

வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் வடக்கே போனால் மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி என்று வீதியோரம் புதிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. சாப்பாட்டுக்கடை, வெதுப்பகம், கல்யாண மண்டபம், தங்குமிடம் எல்லாம் வருகின்றன. பாலை, வீரை விறகு எரிந்த அடுப்புகள் பலவற்றில் இப்போது எரிவாயு எரிகிறது. கட்டடத்துக்குப் படம் கீறும்போது மலக்குழி எங்கே, தண்ணீர்த் தாங்கி எங்கே என்று கேட்கிறோம். சிலிண்டர் எங்கே நிற்கும், குழாய் எந்த வழியால் போகும் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கட்டி முடிந்த பிறகு மிச்சம் கிடக்கிற ஒரு மூலையில் சிலிண்டர்களைக் கொண்டுபோய் அடுக்குகிறோம். எரிவாயுவின் குணம் தெரிந்தால் அந்த மூலையை ஒருவரும் தெரிவு செய்யமாட்டார்கள்.

எரிவாயு என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. பல நாடுகளில் நிலத்தடிக் குழாய் வழியே கட்டடங்களுக்குள் வருவது இயற்கை வாயு. அதில் பெரும்பகுதி மீதேன். இலங்கையில் அப்படியொரு குழாய் வலையமைப்பு இல்லை. எங்களிடம் சிலிண்டரில் வருவது திரவமாக்கிய பெற்றோலிய வாயு, அதாவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டும் நீலமாக எரியும், இரண்டுக்கும் இயல்பில் மணம் இல்லை. ஆனால் காற்றோடு ஒப்பிட்டால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகும். காற்றின் அடர்த்தியை 1 என்று எடுத்தால் இயற்கை வாயுவின் அடர்த்தி (சாரடர்த்தி) ஏறத்தாழ 0.6, எனவே அது மேலே எழும். புரொப்பேனுக்கு 1.5, பியூட்டேனுக்கு 2. இவை நிலத்தோடு படுத்து, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடிப் போகும். சமையலறைக் கழுவு நீர் போகிற கான் இருந்தால் அதற்குள்ளும் இறங்கும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். 4 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் உள்ள சமையலறையில் 48 கன மீற்றர் காற்று இருக்கும். சிலிண்டர் வாயு காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். முழு அறைக்கும் அந்தச் செறிவு வரவேண்டுமென்றால் இரண்டு கிலோ அளவில் கசிய வேண்டும். ஆனால் இந்த வாயு முழு அறைக்கும் பரவும்வரை காத்திருக்காது. முழங்கால் உயரத்துக்கு, அரை மீற்றர் தடிப்பில் படிந்தால் 8 கன மீற்றர் காற்றோடு மட்டும் கலக்கிறது. அதற்கு ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு போதும். 12.5 கிலோ வீட்டுச் சிலிண்டரிலேயே அப்படி முப்பத்தைந்து தடவைக்கு மேல் காணும். யன்னலைத் திறந்தால் போய்விடும் என்று நினைப்போம். யன்னலின் அடிவிளிம்பு இடுப்பு உயரத்தில் இருக்கிறது, வாயுவோ அதற்குக் கீழே கிடக்கிறது. அதனால்தான் சுவரின் அடியில், நிலமட்டத்தில், வெளியே திறக்கும் காற்றுத் துவாரம் வேண்டும் என்று சொல்கிறார்கள்.

மணம் நாங்கள் சேர்ப்பது. எத்தில் மெர்க்கெப்டன் என்ற கந்தகச் சேர்வையை மிகச் சிறிய அளவில் கலப்பார்கள், அழுகின கோவா மணக்கிற மாதிரி மணக்கும். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில் மணம் சேர்க்காத இயற்கை வாயு கசிந்து, நிலத்தளத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் சேர்ந்து, 1937 மார்ச் 18ஆம் திகதி வெடித்தது. ஏறத்தாழ 300 பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறந்தார்கள். மணம் சேர்ப்பது அங்கே சட்டமானது அதற்குப் பிறகுதான். மேலே எழுகிற வாயுவும் போக வழியில்லாவிட்டால் அடைபட்ட இடத்தில் தேங்கும் என்பதை அந்தப் பாடசாலை காட்டியது.

சரி, சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது? உள்ளே இருப்பது திரவம், அதற்கு மேலே கொஞ்ச இடத்தில் ஆவி. வால்வைத் திறந்ததும் ஆவி வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்பத் திரவம் கொதிக்கிறது. புரொப்பேனின் கொதிநிலை −42 பாகை செல்சியஸ், பியூட்டேனுடையது −0.5 பாகை. எங்கள் வெயிலில் இரண்டும் தாராளமாகக் கொதிக்கும். 30 பாகையில் தனிப் புரொப்பேன் ஏறத்தாழ 10 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ எங்களைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தம் தரும், பியூட்டேன் 2 பாருக்குக் கொஞ்சம் குறைவு. கலவை இடையில் நிற்கும். 2021 இன் கடைசி மாதங்களில் நாடு முழுவதும் எரிவாயு வெடிப்புச் செய்திகள் வந்தபோது இந்தப் புரொப்பேன்-பியூட்டேன் விகிதத்தைப் பற்றி எல்லோரும் பேசியதற்குக் காரணம் இதுதான். விகிதம் மாறினால், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டருக்குச் சிலிண்டர் பக்கம் இருந்து வருகிற அழுத்தம் மாறும்.

கொதிப்பதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 400 கிலோஜூல். அந்த வெப்பம் அடுப்பில் இருந்து வராது. சிலிண்டரின் உருக்குச் சுவர் வழியாக வெளிக்காற்றில் இருந்துதான் வரவேண்டும். வேகமாக எடுத்தால் திரவம் குளிரும், குளிர்ந்தால் அழுத்தம் விழும். சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்க்கிறதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வைக் கோடு எங்கே நிற்கிறதோ திரவமும் அதுவரை நிற்கிறது.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெரிய சமையல். விடிய நான்கு மணிக்கு ஆறு அடுப்பையும் ஒன்றாகப் பற்றவைத்திருக்கிறார்கள். ஐந்தரைக்கு நெருப்புப் படுக்கத் தொடங்கிவிட்டது. "காஸ் முடியேல்லைத் தம்பி, தூக்கிப் பாத்தா பாரமாத்தான் கிடக்கு. ஆனா நெருப்பு ஏறுதில்லை" என்று சமையல்காரர் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. ஓர் அடுப்பு 15 கிலோவாற் என்று எடுத்தால் ஆறுக்கும் 90 கிலோவாற். மணிக்கு ஏறத்தாழ 7 கிலோ எரிவாயு. 37.5 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றில் இருந்து மணிக்கணக்காகத் தொடர்ந்து எடுப்பதென்றால் மணிக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்றுதான் கணக்கு வைக்கவேண்டும். அங்கே நின்றது இரண்டு சிலிண்டர். ஐந்து நின்றிருக்க வேண்டும். போதாததற்குப் புரொப்பேன் முதலில் வேகமாகப் போய்விடும். அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன் கூட, அதற்கு அழுத்தம் குறைவு.

சாப்பாட்டுக்கடையில் எல்லா அடுப்பும் ஒரே நேரம் முழுவீச்சில் எரிவதில்லை. அதனால் வடிவமைப்பவர்கள் மொத்தத் தேவையில் ஒரு பங்கைக் கழித்துக் கணக்கிடுவார்கள். கல்யாண மண்டபத்துக்கு அந்தக் கழிவு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. முகூர்த்தத்துக்கு முந்திய மூன்று மணித்தியாலத்தில் அங்கே எதுவும் அணைந்திருக்காது.

அந்த மண்டபத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. கடைசி அடுப்பு எப்போதுமே சோர்ந்துதான் எரிந்தது. குழாய்க்காரர் பரிசோதித்த முறை அழகானது. கண்ணாடி மாதிரித் தெரிகிற சிறிய பிளாஸ்ரிக் குழாயை வளைத்து, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை அடுப்பு வால்வில் செருகினார். தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. இரண்டு மட்டத்துக்கும் இடையிலான உயரம்தான் அழுத்தம்: ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ ஒரு மில்லிபார், அதாவது ஒரு பாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுப்புக்கு வேண்டியது 30 மில்லிபார், அதாவது ஓர் அடி அளவுத் தண்ணீர். அடுப்புகள் அணைந்திருந்தபோது தண்ணீர் சரியாக அந்த உயரத்தில் நின்றது. மற்ற ஐந்தையும் பற்றவைத்ததும் பாதிக்கு இறங்கிவிட்டது. சிலிண்டர் போதாவிட்டால் ஆறும் சேர்ந்து சோரும். இங்கே சிலிண்டரடியில் அழுத்தம் இருக்கிறது, கடைசி அடுப்புக்கு வருவதற்குள் தொலைகிறது. குற்றம் குழாயில்.

குழாயில் அழுத்தம் எவ்வளவு தொலையும் என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் இழப்பும் இரண்டு மடங்கு. ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு அளவில். உள்விட்டம் பாதியானால் இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு, ஏனென்றால் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக அது மாறும். ஒல்லிக் குழாய் வாங்கி மிச்சம் பிடித்த காசு இந்த 32க்கு முன்னால் ஒன்றுமில்லை. பெரிய கட்டடங்களில் அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைப்பதும் இதற்காகத்தான். சிலிண்டர் அடியில் முதல் ரெகுலேட்டர் ஒரு பார் அளவுக்குக் குறைக்கும். அந்த அழுத்தத்தில் வாயு நெருக்கமாக இருப்பதால் சிறிய குழாயிலும் தூரம் போகும். சமையலறைச் சுவரடியில் இரண்டாவது ரெகுலேட்டர் 30 மில்லிபாருக்கு இறக்கும்.

குழாய் உருக்காகவோ செம்பாகவோ இருக்கட்டும். தண்ணீருக்குப் போடுகிற பீவீசி குழாயில் எரிவாயு விடவே கூடாது. இறப்பர் ரியூப் அடுப்பின் கடைசி ஒரு மீற்றருக்கு மட்டும், சுவரைத் துளைத்து ரியூப்பைக் கொண்டுபோவது கூடாது. மூட்டுகளைச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கவேண்டும்.

இப்போது அந்த மூலைக்கு வருவோம். களவு போகும் என்ற பயத்தில் சிலிண்டர்களைக் கல் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். பயம் நியாயமானது, அறை ஆபத்தானது. கசிவு தேங்கும், வெளிக்காற்று படாததால் திரவத்துக்கு வெப்பமும் கிடைக்காது. கம்பிவலைக் கூடு, மேலே தகரக் கூரை, கீழே உயர்த்திய சீமெந்துத் தளம் போதும். பூட்டும் போடலாம், காற்றும் போகும். கானுக்கும் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் தள்ளி வையுங்கள். நேர் வெயில் படவிட வேண்டாம், திரவம் சூட்டில் விரிவதற்காகத்தான் சிலிண்டரை முழுதாக நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு அளவு இடம் விடுகிறார்கள்.

எரிவதற்கும் காற்று வேண்டும், நிறைய வேண்டும். ஒரு கன மீற்றர் புரொப்பேனுக்கு 24 கன மீற்றர் காற்று, பியூட்டேனுக்கு 31. காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகும், கிடாரத்தின் அடியில் கரி பிடிக்கும், மணமில்லாத நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு உண்டாகும். குளிரூட்டிக்காகக் கதவு யன்னலை இறுக்கி மூடுகிற புதிய கட்டடங்களில் இதை நினைத்து எனக்குக் கவலைதான். புகைபோக்கி விசிறி ஓடினால் மட்டும் எரிவாயு வால்வு திறக்கிற மாதிரி மின்வால்வு பொருத்தலாம். மின்சாரம் போனால் அடுப்பு அணையும். சமையல்காரர் கத்துவார், ஆனாலும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

மன்னார்க் கடலுக்கடியில் இயற்கை வாயு இருக்கிறது. 2011இல் கெயார்ன் நிறுவனம் டொராடோ, பரகுடா என்ற இரண்டு கிணறுகளில் அதைக் கண்டது. கடல் அங்கே ஆயிரம் மீற்றருக்கும் கூடிய ஆழம். 2015இல் நிறுவனம் விலகியது, வாயு இன்னும் அடியில் கிடக்கிறது. அது என்றாவது கரைக்கு வந்தால் இதே அடுப்புகளில் எரியுமா? அப்படியே எரியாது. ஒரு கன மீற்றர் இயற்கை வாயு 38 மெகாஜூல் அளவு தரும், சிலிண்டர் வாயு 100ஐத் தாண்டும். குழாயில் வரும் வாயுவுக்கு அழுத்தமும் குறைவு, 20 மில்லிபார் அளவில். அடுப்பில் வாயு வெளிவருகிற அதே துளையில் விட்டால் வெப்பம் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். பிரித்தானியா 1967க்கும் 1977க்கும் இடையில் வட கடல் வாயுவுக்கு மாறியபோது வீடு வீடாகப் போய் ஏறத்தாழ 4 கோடி சாதனங்களை மாற்றவேண்டி வந்தது.

இன்று கட்டுகிற மண்டபத்துக்கு இதில் இருந்து எடுக்கக்கூடியது மூன்று. அடுப்புத் துளையைக் கழற்றி மாற்றக்கூடிய அடுப்பாக வாங்குங்கள். குழாயை ஓர் அளவு பெரிதாகப் போடுங்கள், இப்போதைய அழுத்தத்துக்கும் அது நல்லது. கசிவறியும் கருவி இன்று கணுக்கால் உயரத்தில் இருக்கவேண்டும், இயற்கை வாயு வந்தால் அது கூரைக்குப் போகவேண்டும். ஆகவே மின்கம்பியை இரண்டு இடத்துக்கும் இழுத்து, காற்றுத் துவாரத்தையும் மேலும் கீழும் விட்டுக் கட்டினால் பிறகு சுவர் உடைக்கத் தேவை வராது.